குறிப்பேட்டின் குடிபெயர்ச்சி

எழுத்து நெடுங்காலம் வாழ்வது. எழுதப்பெற்ற பொருளோ நெடுங்காலம் வாழ்வதில்லை. பனையோலையைச் செல் அரிக்கும். காகிதம் பழுத்து உதிரும். கல்லும் மழையில் தேயும். இக்காலத்துக் கணினியின் வன்தட்டும் ஒரு நாள் சுழலாது நின்றுவிடும். அவ்வாறிருந்தும், ஆயிரம் ஆண்டுக்கு முன்னோர் இயற்றிய நூல்களை இன்று நாம் படித்து மகிழ்கின்றோம். அஃது எவ்வாறு இயன்றது? ஓர் ஏடு அழியுமுன் அதில் இருந்ததை மற்றோர் ஏட்டுக்குப் பெயர்த்து எழுதியவர்கள் தலைமுறைதோறும் இருந்தார்கள். அவர்கள் கைகளின் வழியாகவே அந்நூல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன. அந்தப் பழம்பணி இன்று புதிய உருவில் நம் ஒவ்வொருவர் கைக்கும் வந்திருக்கிறது. கணினியில் எழுதி வைத்த குறிப்புகளை வெளியே இணைக்கும் ஒரு வன்தட்டுக்குப் பழுதின்றி மாற்றுவது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம். அதற்குமுன், நம் நாஞ்சில் நாட்டில் நிகழ்ந்த ஒரு செய்தியை அறிந்துகொள்வது நன்று.

அழகியபாண்டியபுரத்து ஓலைகள்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை வட்டத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தை அடுத்து, அழகியபாண்டியபுரம் என்னும் ஊர் உள்ளது. நாஞ்சில் நாட்டின் ஆட்சிப் பொறுப்பில் பல தலைமுறைகள் பங்கு கொண்டிருந்த பெரியவீட்டு முதலியார் குடும்பத்தார் வாழ்ந்த ஊர் அது. முதலியார் என்பது அவர்கள் பெற்றிருந்த பட்டம். நாட்டு வழக்குகளும், நில உரிமைகளும், வரிக் கணக்குகளும் அவ்வீட்டில் ஓலைகளாக எழுதிச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. மனிதரை மனிதர் விலைக்கு விற்ற அடிமை ஓலைகளும் அவற்றுள் இருந்தன. அரசர் வரலாறுகளில் இடம்பெறாத உழவரும், ஏழையரும், விற்கப்பட்டோரும் அந்த ஓலைகளிலேதான் இருந்தனர். அவை அழிந்தால், அம்மக்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கே சான்று இல்லாமற் போய்விடும்.

இவ்வோலைகளின் அருமையை உணர்ந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. 1876இல் தேரூரில் பிறந்து 1954இல் மறைந்த அப்பெரியாரைக் குழந்தைப் பாடல்கள் பாடிய கவிஞராகவே நம்மிற் பலர் அறிவர். கல்வெட்டுகளையும் பழம் ஆவணங்களையும் தேடித் தேடி ஆராய்ந்த அறிஞரும் அவரே ஆவார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் முதலியார் வீட்டு ஓலைகளைப் படித்துக் காகிதத்தில் படியெடுத்தார்.

படியெடுப்பது எளிய வேலை என்று கருதிவிடாதீர்கள். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேற்றுமையின்றி எழுதப்பெற்றிருக்கும். எண்களும் பின்னங்களும் பழைய குறிகளில் இருக்கும்; ஆண்டு கொல்லம் ஆண்டாக இருக்கும். ஓர் எழுத்தைப் பிழைபடப் படித்தால் ஒரு வயலின் பெயர் மாறும். ஒரு குறியை விட்டுவிட்டால் ஒருவன் செலுத்திய வரியின் அளவு மாறும். எனவே, படியெடுப்பவர் எழுதியதை மீண்டும் ஓலையோடு வைத்து ஒத்துப் பார்த்தாக வேண்டும்.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. வரலாற்றுப் பேராசிரியர் கே. கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1953இல் வெளிவந்தது. அவ்வாராய்ச்சிக்கு முதலியார் ஓலைகளும் துணை நின்றன. பின்னர் நாட்டாரியல் அறிஞர் அ. கா. பெருமாள் 'முதலியார் ஓலைகள்' என்னும் பெயரிலேயே ஒரு நூலைப் பதிப்பித்தார். அழகியபாண்டியபுரத்து வீட்டில் ஒரு மூலையில் கிடந்த செய்தி, இன்று நூலகத்துக்குச் செல்லும் எந்த மாணவனும் எடுத்துப் படிக்கும் செய்தியாகிவிட்டது. பனையோலை காகிதத்துக்குக் குடிபெயர்ந்தது. காகிதம் அச்சுக்குக் குடிபெயர்ந்தது. செய்தி உயிர் பிழைத்தது.

முதற் காரியமும் இரண்டாம் காரியமும்

எல்லா ஏடுகளுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் நெஞ்சை உருக்கும் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். அவர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றார். அங்கே இருந்த பழைய ஏடுகள் நெருப்பில் இடப்பட்டுவிட்டன என்பதை அறிந்து துயருற்றார். பழுதுபட்ட ஏட்டைத் தீயில் இடுவது முறைதான் என்று அவ்வாறு செய்தவர்கள் எண்ணியிருந்தனர்.

நம் முன்னோர் கையாண்ட முறை யாது? ஏடு பழுதுபட்டால் முதலில் புதிய ஓலையில் படியெடுப்பர். படியை மூலத்தோடு ஒத்துப் பார்ப்பர். அதன் பின்னரே பழைய ஏட்டைத் தீயிலோ, ஆற்று வெள்ளத்திலோ இட்டு விடை கொடுப்பர். நாளடைவில் முதற் காரியம் மறந்துபோயிற்று. இரண்டாம் காரியம் மட்டும் சடங்காக நிலைத்துவிட்டது. பல நூல்கள் நமக்குக் கிடைக்காமற் போனமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் நாட்டுப் பழமொழி. இழக்கப்போகும் பொருளையும் இழக்குமுன் அளந்து கணக்கிட்டுக்கொள் என்பது அதன் பொருள். மாணவர்களே, இப்பழமொழியை நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போகும் எல்லா விதிகளும் இதன் விரிவே ஆகும்.

ஒரு மாணவியின் குறிப்புகள்

பூதப்பாண்டிக்கு அருகில் ஒரு சிற்றூரில் மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். அவளுடைய ஆச்சிக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. கன்னிப்பூவுக்கு என்ன நெல் விதைத்தார்கள், கும்பப்பூவுக்கு என்ன நெல் விதைத்தார்கள், எந்தக் குளத்து நீர் எந்த வயலுக்கு முறைப்படி பாய்ந்தது, இன்று வீடுகள் எழுந்துவிட்ட எந்தெந்த இடங்களுக்கு முன்பு என்ன பெயர் என்பன எல்லாம் ஆச்சியின் நினைவில் உள்ளன. மாணவி ஒவ்வொரு மாலையும் கேட்டுக் கேட்டுத் தன் கணினியில் உள்ள குறிப்புச் செயலியில் எழுதி வருகிறாள். ஆச்சியின் குரலையும் பதிவு செய்கிறாள். குளங்களைப் படம் பிடித்து இணைக்கிறாள். இரண்டு ஆண்டுகளில் கணினியின் இடம் நிறைந்துவிட்டது. தந்தையார் ஒரு வெளி வன்தட்டு வாங்கித் தருகிறார். கடைகளில் ஹார்டு டிஸ்க் என்று கேட்டு வாங்குவது அதுவே. குறிப்புகளை அதற்கு மாற்றவேண்டும். அவள் என்ன செய்யவேண்டும்?

'எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டால் போதுமே, வன்தட்டு எதற்கு?' எனச் சிலர் வினவலாம். இணையத்திலும் ஒரு படி இருப்பது நன்றே. ஆனால், 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. அத்தகைய நாளில் இணையத்தில் உள்ளது எட்டாக் கனியாகிவிடும். மேலும், கடவுச்சொல்லை மறந்தாலும், சேவை நடத்தும் நிறுவனம் அதை நிறுத்திவிட்டாலும் நம் எழுத்து நம் கையை விட்டுப் போகும். ஆதலின் நம் கையில் ஒரு படி இருந்தே ஆகவேண்டும்.

செய்தி எங்கே இருக்கிறது?

திரையில் தெரிவது செயலி. நாம் எழுதிய குறிப்போ கணினியின் உள்ளே வேறோர் இடத்தில் கோப்பாக இருக்கிறது. செயலி என்பது ஏட்டைப் பிரித்துக் காட்டும் கை போன்றது, கோப்பே ஏடு. கையை வேறு கணினியில் எளிதில் நிறுவிக்கொள்ளலாம். ஏட்டை இழந்தால் மீட்பது அரிது. எனவே, குறிப்புகள் எந்தக் கோப்புறையில் இருக்கின்றன என்று கண்டறிவதே முதல் வேலை. செயலியின் அமைப்புப் பக்கத்திலோ உதவிப் பக்கத்திலோ அந்த இடம் குறிக்கப்பட்டிருக்கும்.

குறிப்புச் செயலிகள் செய்தியைச் சேமிப்பதில் இரு வகைப்படும். ஒவ்வொரு குறிப்பையும் தனித்தனிக் கோப்பாக வைப்பது ஒரு வகை. அப்சிடியன் என்னும் செயலி இவ்வகையைச் சேர்ந்தது. அதில் ஒவ்வொரு குறிப்பும் எளிய எழுத்துக் கோப்பாக ஒரே கோப்புறையில் இருக்கும். அந்தச் செயலி இல்லாவிட்டாலும் வேறு எந்த எழுத்துச் செயலியாலும் அவற்றைத் திறந்து படிக்கலாம். எல்லாக் குறிப்புகளையும் ஒரே தரவுத்தளக் கோப்பில் அடக்கி வைப்பது மற்றொரு வகை. ஜாப்லின் என்னும் செயலி அவ்வாறு செய்கிறது. குறிப்போடு இணைத்த படங்களையும் ஒலிகளையும் அது வேறொரு கோப்புறையில் வைக்கிறது. இவ்வகையில் தரவுத்தளத்தை மட்டும் எடுத்துச் சென்று இணைப்புக் கோப்புறையை விட்டுவிட்டால், குளத்தின் பெயர் இருக்கும், குளத்தின் படம் இராது. ஆச்சி பேசினாள் என்ற குறிப்பு இருக்கும், ஆச்சியின் குரல் இராது. ஆகவே, கோப்புறை முழுவதையும் சேர்த்தே எடுக்கவேண்டும்.

கைப்பேசியில் இம்முறை பெரும்பாலும் செல்லாது. அங்கே செயலிகள் தத்தம் கோப்புகளைப் பிறர் காணாதவாறு உள்ளே மறைத்து வைக்கின்றன. 'ஏற்றுமதி' என்னும் வழியாகக் குறிப்புகளைக் கோப்பாக வெளியே எடுத்து, அதன்பின் மாற்றுவதே அங்குப் பொருந்தும் முறையாகும்.

மாற்றும் முறை

இனி, மாற்றும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதலாவது, செயலியை மூடவேண்டும். திறந்திருக்கும் செயலி எந்த நேரத்திலும் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கலாம். எழுதவேண்டியதில் ஒரு பகுதி துணைக் கோப்பில் நின்றுகொண்டிருக்கலாம். அந்நிலையில் படியெடுத்தால், ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓலையைக் கையிலிருந்து பிடுங்கியது போலாகும். படி அரைகுறையாக அமையும். மூடியபின் சிறிது பொறுத்து, பின்னணியில் அது இயங்கவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, அளந்து குறிக்கவேண்டும். கோப்புறையில் மொத்தம் எத்தனை கோப்புகள், அவற்றின் மொத்த அளவு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். வன்தட்டில் அவ்வளவு இடம் உண்டா என்பதையும் பார்க்கவேண்டும். தமிழ் எழுத்துக்கு வேண்டிய இடம் மிகச் சிறிது. இன்றைய பொது முறையில் ஒரு குறி 3 பைட்டு இடம் கொள்ளும். 'க' என்பது ஒரு குறி. 'கி' என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரு குறிகள், ஆதலின் 6 பைட்டு. ஒரு பக்கத்தில் 2,000 குறிகள் உண்டெனக் கொண்டால் அப்பக்கம் 6,000 பைட்டு ஆகும். 1 டெராபைட்டு கொள்ளும் வன்தட்டில் அத்தகைய பக்கங்கள் 16 கோடிக்கு மேல் அடங்கும்! இடத்தை நிரப்புபவை படங்களும் ஒலிகளுமே.

வன்தட்டு எந்த முறையில் வகுக்கப்பட்டுள்ளது என்பதையும் நோக்கவேண்டும். ஃபேட்32 என்னும் பழைய முறையில் வகுத்த தட்டில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பு நுழையாது. தட்டில் இடம் நிறைய இருந்தும் பெரிய கோப்பு ஒன்றை அது ஏற்க மறுத்தால், காரணம் பெரும்பாலும் இதுவே. எக்ஸ்ஃபேட் முறையில் இந்தத் தடை இல்லை. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: தட்டைப் புதிதாக வகுத்தால் அதில் முன்பு இருந்தவை அனைத்தும் நீங்கிவிடும். எனவே, எதையும் எழுதுமுன்னரே அதைச் செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, படியெடுக்கவேண்டும். கணினியில் 'வெட்டு' என்றும் 'நகலெடு' என்றும் இரு கட்டளைகள் உண்டு. வெட்டி ஒட்டினால் பழையதை நீக்கும் வேலையும் சேர்ந்தே முடியும். ஆயினும் மூலம் பழைய இடத்தில் இராது. இடையில் மின்சாரம் நின்றாலோ, கம்பி கழன்றாலோ எது போயிற்று, எது வந்தது என்று தேடித் திரிய நேரும். நகலெடுத்தால் எது நேர்ந்தாலும் மூலம் தன் இடத்தில் இருக்கும். கரிவலம்வந்தநல்லூரை நினைவிற் கொண்டவன் வெட்டு என்னும் கட்டளையை நாடமாட்டான்.

நான்காவது, ஒத்துப் பார்க்கவேண்டும். தாளில் குறித்த எண்ணிக்கையும் அளவும் புதிய கோப்புறையில் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். பின்னர், பழைய குறிப்பு ஒன்று, புதிய குறிப்பு ஒன்று, படம் உள்ள குறிப்பு ஒன்று, ஒலி உள்ள குறிப்பு ஒன்று எனச் சிலவற்றைத் திறந்து பார்க்கவேண்டும். இதனினும் நுட்பமான சோதனையும் உண்டு. ஒரு கோப்பில் உள்ள அனைத்தையும் கணக்கிட்டு அதற்கு ஒரு கைரேகை போன்ற குறியெண்ணைக் கணினி தரும். எஸ்.ஹெச்.ஏ-256 என்னும் முறையில் அக்குறியெண் 64 இலக்கங்கள் கொண்டது. கோப்பு எவ்வளவு பெரிதாயினும் குறியெண்ணின் நீளம் மாறாது. ஆனால், 'குளம்' என்று இருந்தது 'களம்' என்று ஒரே இடத்தில் திரிந்தாலும் குறியெண் முற்றிலும் வேறாகிவிடும். மூலத்தின் குறியெண்ணும் படியின் குறியெண்ணும் ஒன்றாக இருப்பின், ஓர் எழுத்தும் பிறழவில்லை என்று நம்பலாம். முன்னோர் விளக்கொளியில் பல இரவுகள் கண்விழித்துச் செய்த வேலையை இன்று கணினி சில நொடிகளில் செய்துவிடுகிறது. செய்யச் சொல்லும் பொறுப்பு மட்டுமே நம்முடையது.

ஐந்தாவது, புதிய இடத்தைச் செயலிக்கு அறிவிக்கவேண்டும். தனித்தனிக் கோப்புகளாக வைக்கும் செயலியில் புதிய கோப்புறையைத் திறந்து காட்டினால் போதும். தரவுத்தளம் வைக்கும் செயலிகளுள் சில, சேமிக்கும் இடத்தை மாற்றிக்கொள்ள வழி தருகின்றன, சில தருவதில்லை. வழி இல்லாத இடத்தில் வலிந்து மாற்றுவது தீங்கு தரும். அப்போது மூலம் கணினியிலேயே இருக்க, வன்தட்டில் காப்புப்படியை வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

ஆறாவது, பொறுக்கவேண்டும். பழைய கோப்புறையை உடனே நீக்கலாகாது. அதன் பெயரை மட்டும் சிறிது மாற்றி வைத்தால், செயலி பழைய இடத்தில் எழுதுகிறதா, புதிய இடத்தில் எழுதுகிறதா என்பது தெளிவாகிவிடும். ஒரு வாரமேனும் புதிய இடத்தில் எழுதியும் படித்தும் பார்க்கவேண்டும். புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுந்த பின்னரே பழைய வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுக்கின்றோம் அன்றோ? அதுவே இங்கும் முறை. குறை ஏதும் இல்லை என்று உறுதியானபின், மற்றொரு காப்புப்படியும் எடுத்துக்கொண்டு, பழையதை நீக்கலாம்.

வன்தட்டின் இயல்பு

வெளி வன்தட்டைக் கையாளுவதில் கவனம் வேண்டும். சுழலும் தட்டுள்ள வகையில், எழுதும் முனை தட்டின் மேற்பரப்புக்கு மிக மிக அருகில், தொடாமல் மிதந்து செல்லும். சுழலும்போது அது கீழே விழுந்தால் முனை தட்டில் மோதி எழுத்தைச் சிதைத்துவிடும். சுழலும் உறுப்பு இல்லாத எஸ்.எஸ்.டி. வகை அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால், பல ஆண்டுகள் மின்னூட்டம் பெறாமல் பெட்டியிற் கிடந்தால் அதில் உள்ள செய்தி மங்கக்கூடும். இரு வகையையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் எடுத்து இயக்கிப் பார்க்கவேண்டும். ஓலைச்சுவடியை ஆண்டுதோறும் எடுத்துத் தூசு தட்டி எண்ணெய் பூசிய வழக்கத்தை இது நினைவூட்டும்.

வேலை முடிந்ததும் கம்பியை வெடுக்கென்று பிடுங்கலாகாது. எழுதவேண்டியவற்றைக் கணினி சிறிது நேரம் தன்னிடம் தேக்கி வைத்துப் பின்னரே தட்டில் எழுதும். பாதுகாப்பாக நீக்குவதற்கென உள்ள கட்டளையைக் கொடுத்து, கணினி இசைவு தந்தபின் கழற்றவேண்டும். நம் மாவட்டமோ தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் நிலம். கடலோரத்தில் உப்புக் காற்றும் மிகுதி. ஈரம் புகாத உறையில் தட்டை வைப்பது நன்று.

படிக்கத் தகும் எழுத்து

எழுத்து இருந்தும் படிக்க இயலாமற் போவதுண்டு. நாஞ்சில் நாட்டுக் கோயில்களிலும் குகைகளிலும் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. திருநந்திக்கரைக் குகையில் உள்ள கல்வெட்டு அவ்வகையினது. மொழி தமிழ், கல்லும் அழியவில்லை. ஆயினும் வட்டெழுத்தைக் கற்றவரன்றிப் பிறர் அதைப் படிக்க இயலாது.

கணினித் தமிழிலும் இந்நிலை நேர்ந்தது. முன்பு பல எழுத்துருக்கள் தமிழ் எழுத்துகளுக்குத் தத்தமக்கு வேண்டிய எண்களை வைத்துக்கொண்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. பின்னர் அது பரவி, ஒரே எழுத்துக்கு எங்கும் ஒரே எண் என்னும் நிலை உண்டாயிற்று. ஆகவே, பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளைக் குடிபெயர்க்கும்போது ஒருங்குறிக்கும் மாற்றிக்கொள்ள வேண்டும். எந்தச் செயலியிலும் திறக்கத் தக்க எளிய எழுத்துக் கோப்பாக ஒரு படி எடுத்து வைப்பது மேலும் நன்று. ஒரே செயலியால் மட்டும் படிக்கத் தக்க குறிப்பு, அச்செயலி மறைந்த நாளில் நாளைய வட்டெழுத்தாகிவிடும்.

ஒரே கூரையின் கீழ்

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்களில் பலர் உயிரிழந்தனர். மணக்குடியில் இருந்த பாலமே பெயர்த்தெறியப்பட்டது. பாலத்தைப் பெயர்த்த நீருக்கு வீட்டுப் பெட்டியில் இருந்த பத்திரமும், பள்ளிச் சான்றிதழும், மறைந்தவர் நிழற்படமும் எம்மாத்திரம்? பெட்டிக்குள் இரண்டு படிகள் இருந்திருந்தாலும் இரண்டும் ஒன்றாகவே சென்றிருக்கும்.

நீரைப் போன்றதே நெருப்பும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவை என்றென்றைக்கும் மறைந்தன. வேறிடத்தில் படி இருந்த நூல்களை மீண்டும் பெற வழி இருந்தது. ஈழத்து நூல்களை மின்வடிவில் தொகுத்து எங்கிருந்தும் படிக்கச் செய்யும் நூலகம் என்னும் இணையத் தொகுப்பு 2005இல் தொடங்கப்பெற்றது. ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைப்பதன் தீங்கை அறிந்தவர்களே அப்பணியின் அருமையை நன்கு உணர்வர்.

இதனால் கணினி அறிஞர் ஒரு விதி வகுத்துள்ளனர்: படிகள் மூன்று இருக்கட்டும், அவை இரு வகைப் பொருள்களில் இருக்கட்டும், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும். நம் மாணவி கணினியில் ஒன்று, வன்தட்டில் ஒன்று வைத்துக்கொண்டு, மூன்றாவதை நாகர்கோவிலில் உள்ள மாமா வீட்டில் ஒரு தட்டிலோ, இணையத்திலோ வைக்கலாம். ஒன்றை மட்டும் அவள் தெளிவாக உணரவேண்டும். கணினியிலிருந்து நீக்கிவிட்டு வன்தட்டில் மட்டும் வைத்தால், அது இடமாற்றமே, காப்பு ஆகாது. நேற்றும் ஒரே படி. இன்றும் ஒரே படி.

முடிவுரை

மாணவர்களே! உங்கள் வீட்டிலும் ஓர் ஆச்சியோ தாத்தாவோ இருக்கக்கூடும். அவர்கள் சொல்லும் குளத்தின் பெயரும், நெல்லின் பெயரும், மருந்தின் பெயரும் எந்த அச்சு நூலிலும் இல்லாமல் இருக்கலாம். கேட்டு எழுதுங்கள். எழுதியதோடு நின்றுவிடாதீர்கள், படியெடுங்கள், ஒத்துப் பாருங்கள், வேறிடத்திலும் வையுங்கள். அதன்பின் பழையதற்கு விடை கொடுங்கள்.

அழகியபாண்டியபுரத்து ஓலைகளை எழுதிய கணக்கர்களுக்குத் தாம் வரலாறு எழுதுகிறோம் என்னும் எண்ணம் இருந்திராது. அன்றாடக் கணக்கையே அவர்கள் எழுதினார்கள். அதைப் படியெடுத்துக் காத்தவர் இருந்தமையால் அது நாட்டின் வரலாறாயிற்று. நீங்கள் இன்று எழுதும் குறிப்பும் அவ்வாறு ஆகலாம். அது நூறு ஆண்டு கழித்து ஒருவர் கைக்குச் சென்று சேருமா என்பது, இன்று நீங்கள் அதை ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டுக்கு மாற்றும்போது காட்டும் கவனத்தைப் பொறுத்திருக்கிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுங்கள்.